விமானம் கட்டியாச்சு, பறக்க வழி இருக்கா?

அபிராமபுரத்தில் நான் வாடகைக்கு இருக்கும் அபார்ட்மென்ட்டில் மொட்டை மாடிக்கு ஒரு பூட்டு உண்டு. சாவி செகரட்டரி மாமாவிடம். வடகம் காயவைப்பதாக இருந்தாலும் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போட்டுவிட்டுத்தான் சாவி வாங்க வேண்டும். யாராவது ஒருவர் அங்கே ஆறு பேர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்ட ஆரம்பித்தால் குரூப்பில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு வந்தது.

ஆனால் மும்பை காந்திவலியில் அது நிஜமாகவே நடந்தது. அமோல் யாதவ் ஒரு பைலட். தன் குடும்பம் குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியில் பல வருடம் உழைத்து ஆறு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டினார். 2016 பிப்ரவரியில் மும்பையில் நடந்த ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சிக்கு அதைக் கொண்டுபோக, பாகம் பாகமாகக் கழற்றி கிரேன் வைத்துக் கீழே இறக்கினார்கள். எல்லா சேனலிலும் அந்தக் காட்சி ஓடியது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பலரும் கவனிக்கவில்லை. பதிவுக்கு அவர் விண்ணப்பித்தது 2011-ல். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ பதிவு கொடுத்தது 2017 நவம்பரில். விமானத்தை மேலே எழுப்பிச் சோதிப்பதற்கான அனுமதி வந்தது 2019 அக்டோபரில். மகாராஷ்டிராவின் துலே விமானதளத்தில் அது சோதனையாகப் பறந்த செய்தி வந்தது 2020-ல். அரசியல் உயர்மட்டத்தில் கிடைத்த உதவியால்தான் கோப்பு நகர்ந்தது என்று யாதவே வெளிப்படையாக நன்றி சொன்னார். பதிவெண் விடி-என்எம்டி. கடைசி மூன்று எழுத்துகளில் பிரதமரும் அன்றைய மகாராஷ்டிர முதல்வரும் இருக்கிறார்கள். ஒரு விமானம் பறக்கத் தகுதியானதா என்ற கேள்விக்கு இவ்வளவு பெரிய இடத்திலிருந்து உதவி தேவைப்பட்டது என்றால், அப்படி யாரையும் தெரியாதவர் என்ன செய்வார்? இந்தக் கட்டுரையின் கேள்வி அதுதான்.

கட்டி முடிப்பது என்றால் என்ன?

வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் மத்தியில் உலகம் முழுக்க ஒரு ஜோக் உண்டு: தொண்ணூறு சதவீதம் முடிஞ்சாச்சு, இன்னும் தொண்ணூறு சதவீதம் பாக்கி. வீடு கட்டியவர்களுக்கு இது உடனே புரியும். சுவர் எழும்பிக் கூரையும் போட்ட பிறகுதான் பிளம்பரும் எலெக்ட்ரீஷியனும் டைல்ஸ்காரரும் மாதக்கணக்கில் இழுப்பார்கள். விமானத்திலும் இறக்கை, உடல், வால் எல்லாம் சேர்ந்து பார்க்க விமானம் மாதிரி ஆன பிறகு வயரிங், எரிபொருள் குழாய், பிரேக், கருவிகள், இன்ஜின் மூடி என்று நேரம் போய்க்கொண்டே இருக்கும்.

பெயின்ட் விஷயம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அழகுக்கு அடிப்பதுதானே, முதலிலேயே அடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் பலர் சோதனைப் பறத்தல் முடியும்வரை பெயின்ட் அடிப்பதில்லை. சோதனையில் ஏதாவது மாற்றம் தேவைப்பட்டால் வெட்டி ஒட்டுவது சுலபம் என்பது ஒரு காரணம். பெயின்ட்டுக்கும் எடை உண்டு என்பது இன்னொன்று. சின்ன விமானம் ஒன்றுக்குப் பல கிலோ ஏறிவிடும். அந்த எடை எந்த இடத்தில் ஏறுகிறது என்பதும் முக்கியம். வாலிலும் இறக்கை ஓரத்திலும் அசையும் பலகைகள் இருக்கின்றன. அவற்றைக் கீலுக்கு முன்னும் பின்னும் எடை சமன் செய்துதான் பொருத்துவார்கள். பின்பக்கம் ஒரு கோட் அதிகமானால் அந்தச் சமன் கெடும். வேகத்தில் பலகை படபடக்கத் தொடங்கலாம். ஃப்ளட்டர் என்று சொல்வார்கள். சில விநாடிகளில் வாலையே பிய்த்துவிடக்கூடியது அது. அதனால் பெயின்ட் அடித்த பிறகு மறுபடி எடை போட்டு, மறுபடி சமன் பார்க்க வேண்டும்.

எடை போடுவதில் தொடங்கும் சோதனை

சோதனை என்றதும் நமக்கு ஓடுபாதையில் சீறிப் பாயும் காட்சிதான் ஞாபகம் வரும். உண்மையில் அது தராசில் தொடங்குகிறது. மூன்று சக்கரங்களுக்கும் அடியில் எடைக் கருவி வைத்து, விமானத்தின் எடை மையம் எங்கே விழுகிறது என்று கணக்குப் போடுவார்கள். ஸ்கூட்டர் பின்னால் காஸ் சிலிண்டரைக் கட்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், ஹேண்டில் லேசாகி வண்டி சொன்ன பேச்சு கேட்காது. விமானத்தில் எடை மையம் அளவுக்கு மீறிப் பின்னால் போனால் மூக்கு தூக்கிக்கொள்ளும், கீழே இறக்க முடியாமல் போகலாம். ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிடலாம். இதை எங்கே நிறுத்துவது?

அடுத்தது எரிபொருள் ஓட்டம். விமானத்தின் மூக்கை ஏறும் கோணத்துக்குத் தூக்கி நிறுத்தி, இன்ஜினுக்குப் போகும் குழாயைக் கழற்றி, ஒரு பாத்திரத்தில் பெட்ரோலைப் பிடித்து நேரம் பார்ப்பார்கள். புவியீர்ப்பில் மட்டும் எரிபொருள் இறங்கும் அமைப்பு என்றால், டேக் ஆஃப் நேரத்தில் இன்ஜின் குடிக்கும் அளவைப் போல ஒன்றரை மடங்கு வர வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். பார்க்க வீட்டு வேலை மாதிரி இருக்கும். ஆனால் தரையில் சமமாக நிற்கும்போது ஒழுங்காக ஓடும் இன்ஜின், மூக்கைத் தூக்கி 100 அடி ஏறியதும் நின்றுபோவதற்குப் பல நேரம் காரணம் இந்தக் குழாய்தான்.

பிறகு இன்ஜினைக் கட்டிவைத்து ஓட்டுவது, மெதுவாக டாக்ஸி, வேகமாக டாக்ஸி. இதெல்லாம் முடிந்துதான் முதல் பறத்தல். அதுவும் பார்க்கிறவர்களுக்குச் சப்பென்று இருக்கும். ஏறு, தளத்துக்கு மேலேயே வட்டமடி, இன்ஜின் சூடு பார். மடக்கும் சக்கரமாக இருந்தாலும் மடக்காதே. நல்ல உயரத்தில் வேகத்தைக் குறைத்து, ஸ்டால் எந்த வேகத்தில் வருகிறது என்று தெரிந்துகொள், பிறகு இறங்கு. ஸ்டால் என்றால் இன்ஜின் நிற்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது இல்லை. வேகம் குறைந்து கோணம் அதிகமாகும்போது இறக்கை தாங்கும் சக்தியை இழப்பதுதான் ஸ்டால். கம்பெனி விமானத்துக்கு அந்த எண் கையேட்டில் இருக்கும். வீட்டில் கட்டிய விமானத்துக்குக் கையேட்டை எழுத வேண்டியவரே நீங்கள்தான். வேகமானி சரியா காட்டுகிறதா என்பதே தெரியாது. நான்கு திசையிலும் பறந்து, ஜிபிஎஸ் காட்டும் வேகங்களைச் சராசரி எடுத்து, காற்றின் பங்கைக் கழித்துத்தான் அதைச் சரிபார்ப்பார்கள்.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு காலம் உண்டு. சான்று பெற்ற இன்ஜின், ப்ரொப்பல்லர் ஜோடி என்றால் வழக்கமாக 25 மணி நேரம், இல்லையென்றால் 40 மணி நேரம். குறிப்பிட்ட பகுதிக்குள்தான் பறக்க வேண்டும், பயணி கூடாது. தகுதியுள்ள இரண்டாவது பைலட் ஒருவரை ஏற்றிக்கொள்ளலாம் என்ற திட்டம் 2014-ல் வந்தது. மணி நேரத்தை எண்ணாமல், செய்து முடிக்க வேண்டிய சோதனைகளை எண்ணும் வழியும் இப்போது இருக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. 40 மணி நேரம் தளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தால் மணி ஓடும், விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஒரு சின்ன வால்வு

இதெல்லாம் அதிகப்படி ஜாக்கிரதை என்று தோன்றினால், ‘டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்’ பாடிய ஜான் டென்வரின் கதையைக் கேளுங்கள். அவர் அனுபவமுள்ள பைலட். 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டரே கடற்கரையருகே, தான் புதிதாக வாங்கிய லாங்-ஈஸி விமானத்தில் போய்க்கொண்டிருந்தபோது கடலில் விழுந்து இறந்தார். அது வேறொருவர் வீட்டில் கட்டிய விமானம்.

வடிவமைத்த பர்ட் ருட்டானின் வரைபடத்தில், ஒரு டேங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வால்வு பைலட்டின் கால்களுக்கு நடுவே இருந்தது. கட்டியவர், எரிபொருள் குழாய் பைலட் இருக்கும் இடத்துக்குள் வரக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில், அதை இருக்கைக்குப் பின்னால் இடது தோள் பக்கம் வைத்துவிட்டார். அதைத் திருப்ப ஸ்டியரிங்கை விட்டுவிட்டு உடலையே திருப்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது வலது கால் தன்னையறியாமல் ரடர் பெடலை அழுத்திவிடும். ஒரு டேங்க் தீர்ந்து, வால்வைத் திருப்பப் போன நேரத்தில்தான் கட்டுப்பாடு போனது என்பது விசாரணையின் முடிவு.

இதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. கட்டியவர் பாதுகாப்புக்காகத்தான் மாற்றினார். வாங்கியவருக்குப் பறக்கத் தெரியும். நடுவில் யாராவது மூன்றாவது ஆள் உட்கார்ந்து பார்த்து, “சார், பறக்கும்போது இதை எப்படித் திருப்புவீங்க?” என்று கேட்டிருந்தால் போதும். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011-ல் நடந்த 224 விபத்துகளை ஆராய்ந்தது. வீட்டில் கட்டிய விமானங்களில் பாதிக்கு மேல், கட்டியவரிடமிருந்து வேறொருவர் வாங்கியவைதான். விமானம் புதிதாகப் பறக்கத் தொடங்கும்போதும், கை மாறியவுடனேயும்தான் ஆபத்து அதிகம் என்று அந்த ஆய்வு சொன்னது.

நம் ஊர் தலைப்புகள்

இப்போது கொஞ்சம் நம்மைப் பற்றி. ‘யூடியூப் பார்த்து விமானம் தயாரித்த இளைஞர்’ என்று வருடத்துக்கு இரண்டு செய்தியாவது டெஸ்க்குக்கு வரும். நானும் அப்படி ஒரு தலைப்பு போட்டிருக்கிறேன். நன்றாக ஓடியது. பின்னால் அந்த இயந்திரம் என்ன ஆனது என்று நான் ஒருமுறைகூடத் தேடவில்லை.

2021 ஆகஸ்ட்டில் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் 24 வயது வெல்டர் ஒருவர், தானே செய்த ஹெலிகாப்டரைச் சோதித்தார். மேலே எழும்பவில்லை, தரையில்தான் இன்ஜினை ஓட்டினார். வால் பகுதியின் விசிறி உடைந்து மேல் விசிறியில் அடித்தது. அது அவர் தலையில் பட்டு இறந்துபோனார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், ஊரில் எல்லோரும் பெருமையாகப் பார்த்தவர். தரைச் சோதனை எப்படிச் செய்ய வேண்டும், விசிறியின் சுழற்சித் தளத்திலிருந்து எவ்வளவு தள்ளி ஆள் இருக்க வேண்டும், மறைப்பு எங்கே வேண்டும் என்பதெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஏனென்றால் அப்படி ஒரு கதவு இந்தியாவில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இல்லை. இருக்கிறதெல்லாம் விதிப்புத்தகம். பதிவும் அனுமதியும் இல்லாமல் பறந்தால் குற்றம் என்று அது சரியாகவே சொல்கிறது. ஆனால் அனுமதி வாங்கும் நிலைக்கு எப்படி வந்து சேருவது என்று சொல்லித்தர ஆள் இல்லை.

சரியான கை கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. கேரளாவின் இடுக்கி மாவட்டத்துக்காரர் சஜி தாமஸ். காது கேட்காது, பேச முடியாது. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. பல வருட முயற்சியில் இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றைக் கட்டினார். அது 2014-ல் பறந்தது நம் திருநெல்வேலிப் பக்கம், மணிமுத்தாறில் இருந்த ஒரு தனியார் ஓடுபாதையில். ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவர் துணைக்கு இருந்தார். 2017-ல் வந்த பிருத்விராஜின் ‘விமானம்’ மலையாளப் படம் இவர் கதையைத் தழுவியதுதான். படத்தைப் பார்த்தவர்கள் அவர் மனவுறுதியைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அந்த ஓடுபாதையும் அந்த அதிகாரியும்தான் கண்ணில் படுகிறார்கள். மனவுறுதி யவத்மால் இளைஞருக்கும் குறைவாக இருந்திருக்காது.

வேறு இடங்களில் எப்படி?

பிரிட்டனில் வேலை பார்க்கும் கேரள இன்ஜினீயர் அசோக் தாமராக்ஷன், கொரோனா முடக்கக் காலத்தில் நான்கு இருக்கை ஸ்லிங் டிஎஸ்ஐ விமானத்தைக் கட்டிய செய்தி 2022-ல் வைரலானது. தென்னாப்பிரிக்கக் கம்பெனி அனுப்பிய கிட்டை வாங்கி, வீட்டுத் தோட்டத்து ஷெட்டில் கட்டினார். சுமார் ஒன்றரை வருடத்தில் முடித்து, சோதனையும் முடித்து, குடும்பத்தோடு பயணம் போனார்.

பணம் இருந்தது, கிட் இருந்தது, உண்மைதான். அதைவிட முக்கியமானது அங்கே இருக்கும் ஏற்பாடு. அங்கே அரசு ஒழுங்காற்று அமைப்பு, இந்த வேலையை லைட் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் என்ற சங்கத்திடம் ஒப்படைத்திருக்கிறது. சங்கத்தின் இன்ஸ்பெக்டர் ஒருவர் கட்டும்போதே கட்டம் கட்டமாக வந்து பார்ப்பார். இறக்கையை மூடுவதற்கு முன்னால் உள்ளே பார்த்துக் கையெழுத்துப் போடுவார். மூடிய பிறகு போனால் என்ன பார்க்க முடியும்? கான்கிரீட் போட்ட பிறகு கம்பியை எண்ண வந்த மாதிரிதான். அமெரிக்காவில் 1953-ல் தொடங்கிய இஏஏ சங்கம், கட்டும்போது ஆலோசனை சொல்லவும் முதல் பறத்தலுக்குத் தயார் செய்யவும் தன்னார்வலர்களை வைத்திருக்கிறது. கட்டிய விமானத்தின் மேல் ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்று எழுதியே ஆக வேண்டும். ஏறுகிறவருக்கு இது சான்று பெற்ற கம்பெனி விமானம் அல்ல என்று தெரிய வேண்டும் என்பதற்காக.

விமானத்தின் மீது இந்தியா கண்டிப்பாக இருப்பதில் தவறில்லை. பயிற்சி பெற்றவர்களுக்கே சோதனைப் பறத்தல் உயிர் வாங்கும். 2009 மார்ச் 6 அன்று பெங்களூரு அருகே பிடதியில் சரஸ் விமானத்தின் இரண்டாவது மாதிரி விழுந்தபோது, விமானப்படையின் சோதனைக் குழுவைச் சேர்ந்த மூவர் இறந்தார்கள். வானிலேயே இன்ஜினை நிறுத்தி மறுபடி இயக்கும் சோதனை அது. ஜனநெருக்கடி மிகுந்த நாட்டில் யார் தலையிலாவது விழுந்தால் என்ன என்று அதிகாரி பயப்படுவது நியாயம். எங்கள் அபார்ட்மென்ட் செகரட்டரியின் பயத்தைவிட நிச்சயம் நியாயமானது. ஆனால் கோப்பை ஆறு வருடம் வைத்திருப்பதால் யாருடைய தலையும் காப்பாற்றப்படவில்லை. ஊருக்கு வெளியே ஓடுபாதையும், கையெழுத்துப் போடும் இன்ஸ்பெக்டரும்தான் காப்பாற்றும்.

இடம் இல்லையா என்ன?

தமிழ்நாட்டில் இதைச் சொல்ல ஒரு கூடுதல் உரிமை இருக்கிறது. மவுன்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய கோர்சிகாக்காரர் டி ஏஞ்சலிஸ், தானே வடிவமைத்த விமானத்தைச் சிம்ப்சன் கம்பெனியில் கட்டவைத்து, 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறந்து சோதித்தார். பிறகு தீவுத்திடலில் டிக்கெட் போட்டு மக்களுக்குக் காட்டினார் என்கின்றன வரலாற்றுக் குறிப்புகள். அலகாபாத்தில் ஹென்றி பெக்கே தபால் பைகளோடு பறந்தது 1911 பிப்ரவரியில். கவனிக்க வேண்டியது வரிசை: முதலில் ஊருக்கு வெளியே சோதனை, அப்புறம்தான் ஊர்ப்பார்வை. நூற்றுப் பத்து வருடத்துக்கு முன் ஒரு ஹோட்டல்காரருக்குத் தெரிந்த வரிசை அது.

இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுபாதைகள் சோழவரத்திலும் உளுந்தூர்பேட்டையிலும் செட்டிநாட்டிலும் இருக்கின்றன. சின்ன விமானத்துக்குப் பெரிய ஓடுபாதை தேவையில்லை. ஒசூரில் தனேஜா நிறுவனம் சின்ன விமானங்களைக் கட்டிய அனுபவமும், அதன் ஓடுபாதையும் இருக்கின்றன. குரோம்பேட்டை எம்ஐடி, ஐஐடி மெட்ராஸ் என்று விமானப் பொறியியல் படிப்பு சென்னையிலேயே இருக்கிறது. படித்துவிட்டு ஐடி கம்பெனிக்குப் போனவர்களை என் ஃபிரெண்ட்ஸ் லிஸ்ட்டிலேயே எண்ணலாம்.

சோதனை என்பது எப்படி இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே பார்த்தும் இருக்கிறோம். பெங்களூரு என்ஏஎல் உருவாக்கிய இரண்டு இருக்கை ஹன்சா-என்ஜி, 2022 பிப்ரவரி 19 அன்று புதுச்சேரிக்குப் பறந்து வந்தது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. கடல் மட்டத்தில் அதே இன்ஜினும் இறக்கையும் எப்படி நடந்துகொள்ளும் என்பது கீழே வந்து பறந்தால்தான் தெரியும். மார்ச் 5 வரை 18 மணி நேரம் பறந்து எண்களைக் குறித்துக்கொண்டு திரும்பிப் போனது. விழா இல்லை, டிரெண்டிங் இல்லை. சோதனை சரியாக நடந்தால் செய்தியே இருக்காது.

மாநில அரசு பயன்படாமல் கிடக்கும் ஓடுபாதை ஒன்றை வாரத்தில் இரண்டு நாள் இதற்கென ஒதுக்கலாம். டிஜிசிஏ, ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்பு இன்ஜினீயர்களையும் சோதனை பைலட்களையும் பட்டியலிட்டு, கட்டுகிறவர் முதல் ரிவெட் அடிக்கும் முன்பே ஒருவரை அவரோடு சேர்த்துவிடலாம். விண்ணப்பத்துக்கு இத்தனை மாதத்துக்குள் ‘சரி’ அல்லது ‘இன்ன காரணத்தால் முடியாது’ என்ற பதில் எழுத்தில் வர வேண்டும். 1934-ன் பழைய விமானச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய வாயுயான் அதினியம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விதிகளைப் புதிதாக எழுதும் காலம் இதுதான்.

அதுவரை, அடுத்த ‘யூடியூப் பார்த்து’ செய்தி டெஸ்க்குக்கு வரும்போது நான் இரண்டு கேள்விகளை போனில் கேட்டுவிட்டுத்தான் தலைப்பு வைப்பதாக இருக்கிறேன். எடை மையம் பார்த்தீர்களா? உங்களைத் தவிர வேறு யார் இதை உள்ளே திறந்து பார்த்தார்கள்?